பற்கள் முழுவதும் இழந்த வாய்க்கு எது பொருந்தும்: பல்செட்டா, ஓவர்டென்ச்சரா, கழற்ற முடியாத இம்பிளான்ட் பற்களா?

வாயில் ஒரு பல்லும் மிஞ்சாத நிலையில் இம்பிளான்ட், அதாவது பல்லைத் தாங்கத் தாடை எலும்பில் பதிக்கும் டைட்டானிய ஸ்க்ரூ, வைத்துக்கொள்ளலாமா என்று யோசிக்கிறவர்கள் பெரும்பாலும் வாய் முழுவதையும் ஒரே கேள்வியாக எடுத்துக்கொள்கிறார்கள். சிகிச்சைக்கான மதிப்பீடுகளும் பல நேரங்களில் அப்படியே தயாராகின்றன. முழு வாய்க்கும் சேர்த்து ஒரு தொகை, அதற்குள் மேலும் கீழும் அடக்கம். என் கருத்தில் இந்தத் தொடக்கமே பிழையானது. பல்லில்லாத மேல் தாடையும் பல்லில்லாத கீழ்த் தாடையும் இரண்டு தனித்தனிப் பிரச்சினைகள். ஒன்றுக்குச் சரியாக அமையும் தீர்வு மற்றதற்குத் தேவையற்றதாகவோ போதாததாகவோ இருக்கலாம். ஆகவே இங்கே ஒவ்வொரு வழியையும் எந்தத் தாடைக்கு என்ற கேள்வியோடு சேர்த்தே எடைபோடுகிறேன்.

இன்று கையில் இருக்கும் வழிகள் மூன்று. முதலாவது, ஈற்றின் மேல் அமர்ந்து தினமும் கழற்றி மாட்டப்படும் வழக்கமான முழுப் பல்செட். இரண்டாவது, எலும்பில் பதித்த இரண்டு முதல் நான்கு இம்பிளான்ட்டுகளைப் பிடித்துக்கொண்டு நிற்கும், ஆனால் நோயாளியே கழற்றக்கூடிய பல்செட். பல் மருத்துவர்கள் இதை ஓவர்டென்ச்சர் என்கிறார்கள். மூன்றாவது, நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட இம்பிளான்ட்டுகளின் மேல் ஸ்க்ரூவால் முடுக்கப்பட்டு, மருத்துவர் மட்டுமே கழற்றக்கூடிய பிரிட்ஜ், அதாவது ஒன்றாக இணைந்த பல்வரிசை. ஒவ்வொரு பல்லுக்கும் தனித்தனியாக ஓர் இம்பிளான்ட் வைக்க வேண்டும் என்ற எண்ணம் இன்னும் பலரிடம் இருக்கிறது. ஒரு தாடையின் முழு வரிசைக்கும் அது தேவையில்லை, பெரும்பாலும் விரும்பத்தக்கதும் இல்லை.

இரண்டு தாடைகளும் ஏன் வேறு என்பதற்குக் காரணம் அவற்றின் அமைப்பிலேயே இருக்கிறது. மேல் பல்செட்டுக்கு அண்ணம் முழுவதும் பரப்பாகக் கிடைக்கிறது. உமிழ்நீரின் மெல்லிய படலமும் விளிம்புகளின் இறுக்கமும் சேர்ந்து அதை உறிஞ்சிப் பிடிக்கின்றன. கீழ்த் தாடையில் நாக்கு இருப்பதால் பல்செட் குதிரை லாட வடிவில் குறுகிய விளிம்பாக மட்டுமே அமைய முடியும். ஒரு பக்கம் நாக்கும் மறுபக்கம் கன்னமும் உதடும் ஓயாமல் அதைத் தள்ளுகின்றன. இதற்கு மேல், வேர்கள் போன பிறகு தாடை எலும்பு கரையத் தொடங்குகிறது. பல் எடுத்த முதல் ஆண்டில் இது வேகமாகவும், பிறகு மெதுவாகவும், ஆனால் நிற்காமலும் நடக்கிறது. முழுப் பல்செட் அணிந்தவர்களை 25 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து அன்ட்யே தால்கிரன் 1972இல் வெளியிட்ட ஆய்வில், கீழ்த் தாடையின் முன்பகுதி மேல் தாடையை விட ஏறத்தாழ நான்கு மடங்கு உயரத்தை இழந்திருந்தது. பிடிப்பு ஏற்கெனவே குறைவாக உள்ள இடத்தில்தான் எலும்பும் அதிகமாகக் கரைகிறது. பல்செட் அணிந்தவர்களின் குறைகளைக் கேட்டால், மேல் செட்டைப் பற்றிய முறையீடுகள் ஒருபுறமும் கீழ்ச் செட்டைப் பற்றியவை அதைவிட மிகுதியாக மறுபுறமும் நிற்பதற்கு இதுவே விளக்கம்.

இம்பிளான்ட்டின் பக்கமிருந்து பார்த்தால் நிலைமை தலைகீழாகிறது. கீழ்த் தாடையின் முன்பகுதி எலும்பு அடர்த்தியானது. இம்பிளான்ட்டுக்கு வாயிலேயே மிக நம்பகமான இடம் அது. மேல் தாடை எலும்போ மென்மையானது. பின்பக்கம் சைனஸ் என்ற காற்றறை கீழே இறங்கி, பதிக்கக் கிடைக்கும் உயரத்தையும் குறைத்துவிடுகிறது. ஆக, இம்பிளான்ட் மிகவும் தேவைப்படும் இடமே அது எளிதாகப் பிடிக்கும் இடமாகவும் இருக்கிறது. இந்த ஒத்திசைவை முடிவின் நடுவில் வைத்துக்கொண்டால் மற்றவை ஓரளவு தாமாகவே தெளிவாகும்.

வழக்கமான பல்செட்டை இன்று சற்று இளக்காரமாகப் பேசுவது வழக்கமாகிவிட்டது. அதற்கு அது தகுதியானதல்ல. அறுவை சிகிச்சை இல்லை. செலவு மிகக் குறைவு. சில வாரங்களில் முடிந்துவிடும். வெளியே எடுத்துப் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவ முடியும். எலும்பு கரைந்து உள்வாங்கிய உதட்டையும் கன்னத்தையும் அதன் அக்ரிலிக் விளிம்பு முன்னே தாங்கி நிறுத்தும். அளவு எடுப்பதில் கவனமுள்ள ஒருவர் செய்த மேல் பல்செட்டோடு எந்த வருத்தமும் இல்லாமல் வாழ்கிறவர்கள் ஏராளம். குறைகளும் உண்மையானவையே. கடிக்கும் விசை இயற்கைப் பற்களின் விசையில் நாலில் ஒன்று அல்லது ஐந்தில் ஒன்று என்ற அளவுக்கு இறங்கிவிடுகிறது. அண்ணம் மூடப்படுவதால் உணவின் சூடும் தன்மையும் மங்கலாகத் தெரிகின்றன. சிலருக்குக் குமட்டல் வருகிறது. எலும்பு கரையக் கரையப் பல்செட் தளர்வதால் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை உள்பக்கத்தை நிரப்பிச் சீராக்க வேண்டும். இதைச் செய்யாமல் ஒட்டும் பசையை மட்டும் கூட்டிக்கொண்டே போவது பரவலாகக் காணும் பழக்கம். சரியில்லாத பொருத்தத்தைப் பசை மறைக்கும், திருத்தாது. இரவிலும் கழற்றாமல் படுப்பவர்களுக்கு அண்ணத்தில் பூஞ்சைத் தொற்றால் சிவப்பு படர்வதும் அடிக்கடி நேர்கிறது.

ஓர் இடைக்குறிப்பு: இன்னும் ஒன்றிரண்டு பற்கள், குறிப்பாகக் கோரைப் பற்கள், மிஞ்சியிருந்தால் எல்லாவற்றையும் பிடுங்கிச் சுத்தமாகத் தொடங்கலாம் என்ற ஆலோசனையை உடனே ஏற்க வேண்டியதில்லை. ஆரோக்கியமான வேரை வைத்துக்கொண்டு, பல்லை ஈற்று மட்டத்துக்குக் குறைத்து, அதன் மேல் பல்செட்டை அமர்த்தும் முறை பழையது. வேர் இருக்கும் வரை அதைச் சுற்றிய எலும்பும் இருக்கும்.

இம்பிளான்ட்டின் கதை ஸ்வீடனில் தொடங்குகிறது. பெர்-இங்வார் பிரோனமார்க் 1950களின் தொடக்கத்தில் முயல்களின் எலும்புக்குள் டைட்டானியக் கருவிகளைப் பொருத்தி இரத்த ஓட்டத்தை ஆராய்ந்தபோது, எலும்பு அந்த உலோகத்தோடு நேரடியாகப் பிணைந்துவிட்டதைக் கண்டார். 1965இல் யோஸ்டா லார்சன் என்பவரின் கீழ்த் தாடையில் முதன்முதலாக டைட்டானிய இம்பிளான்ட்டுகளைப் பதித்தார். லார்சன் இறக்கும் வரை, நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக, அவை செயல்பட்டன. இன்று கவனமாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட நோயாளிகளில் பத்தாண்டு கடந்த பின்னும் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேற்பட்ட இம்பிளான்ட்டுகள் வாயில் நிலைத்திருப்பதாகவே நீண்டகால ஆய்வுகள் பொதுவாகக் காட்டுகின்றன. ஆனால் இது எலும்பில் உள்ள ஸ்க்ரூவைப் பற்றிய கணக்கு. அதன் மேல் உட்காரும் பற்கள் உடைவதையும் தேய்வதையும் தளர்வதையும் இந்தக் கணக்கு சொல்வதில்லை. ஒப்பிடுகிறவர் இவ்விரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

கீழ்த் தாடைக்கான ஓவர்டென்ச்சரைப் பற்றி மருத்துவ உலகில் அரிதான ஒற்றுமை இருக்கிறது. 2002இல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் கூடிய வல்லுநர்கள், பல்லில்லாத கீழ்த் தாடைக்கு இரண்டு இம்பிளான்ட்டுகள் தாங்கும் ஓவர்டென்ச்சரே முதல் தெரிவாக இருக்க வேண்டும் என்று அறிவித்தனர். 2009இல் பிரிட்டனின் யார்க் நகரில் வெளியான அறிக்கையும் அதே வழியில் நின்றது. இரண்டே இரண்டு இம்பிளான்ட்டுகள், கோரைப் பற்கள் இருந்த இடத்தை ஒட்டி, கீழ்த் தாடை நரம்பு வெளிவரும் துளைகளுக்கு முன்னால் வைக்கப்படுகின்றன. ஈற்றுக்கு மேல் எழும் சிறிய உலோகக் குமிழ் ஒவ்வொன்றும், பல்செட்டின் உள்பக்கம் பதித்த உலோகக் கிண்ணத்தில் இருக்கும் நைலான் வளையத்துக்குள் சட்டையின் பிரஸ் பட்டன் போல அமர்கிறது. சரியாக அமர்ந்ததும் மெல்லிய சொடுக்கு ஒன்று கேட்கும். பேசும்போது பல்செட் எழும்புவதில்லை. நாக்கால் அதை அழுத்திப் பிடித்துக்கொண்டே மெல்லும் பழக்கமும் மெல்ல விடுபடுகிறது. வளையம் தேய்ந்தால் பிடிப்பு தளரும். பலருக்கு ஆண்டுக்கொருமுறை என்ற அளவில் அதை மாற்ற வேண்டியிருக்கும். மாற்றுவது சில நிமிட வேலை.

இதன் குறைகளில் முதன்மையானது, பின்பக்கம் பல்செட் இன்னும் ஈற்றின் மேல்தான் அமர்ந்திருக்கிறது என்பது. முன்னால் இம்பிளான்ட்டுகளைச் சுற்றிய எலும்பு காக்கப்பட, பின்னால் கரைவது தொடரும்; எனவே உள்பக்கத்தை நிரப்பிச் சீராக்கும் வேலை இதிலும் உண்டு. மற்றொன்று, கீழே உறுதியான பிடிப்புக் கிடைத்தவர்கள் முன்பற்களால் பலமாகக் கடிக்கத் தொடங்கினால், மேல் பல்செட்டின் முன்பகுதிக்கு அடியில் உள்ள எலும்பு அந்த அழுத்தத்தைச் சுமக்க நேரும். பற்களை அடுக்கும்போதே கடிக்கும் விசை பின்பற்களில் விழும்படி செய்வதும், மேல் செட்டின் பொருத்தத்தை ஆண்டுதோறும் பார்ப்பதும் இதற்கு மருந்து. மேல் தாடைக்கு ஓவர்டென்ச்சர் வைக்க வேண்டுமென்றால் இரண்டு போதாது; எலும்பு மென்மையானது என்பதால் குறைந்தது நான்கு வேண்டும் என்பதே பொதுவான நடைமுறை. நான்கு இருந்தால் அண்ணத்தை மூடும் பகுதியைக் குறைக்கலாம் என்பது, குமட்டலால் பல்செட்டையே அணிய முடியாமல் தவிப்பவர்களுக்குப் பெரிய விடுதலை.

நிலையான பிரிட்ஜின் ஈர்ப்பைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இரவில் கழற்றி டம்ளரில் போட வேண்டாம், அண்ணம் திறந்திருக்கும், கடிக்கும் விசை வெகுவாகத் திரும்பும், தன் பற்கள் என்ற உணர்வு மனத்துக்குள் இறங்கும். பல்செட்டைப் பிறர் பார்க்கக் கழற்றுவதில் உள்ள கூச்சம் ஒருவரின் வாழ்க்கையையே சுருக்கிவிடுவதுண்டு. அப்படிப்பட்டவருக்கு இந்த உணர்வு ஆடம்பரம் அல்ல. ஒரு தாடைக்கு நான்கு இம்பிளான்ட்டுகளில் முழு வரிசையைத் தாங்கும் முறையைப் போர்ச்சுகலின் பாவ்லோ மாலோ 1990களில் உருவாக்கிப் பரப்பினார். முன்னால் இரண்டு நேராகவும், பின்னால் இரண்டு 30 முதல் 45 பாகை வரை சாய்வாகவும் பதிக்கப்படுகின்றன. அப்படிச் சாய்ப்பதால் மேலே சைனஸையும் கீழே நரம்பையும் தொடாமல், ஓரளவு நீளமான இம்பிளான்ட்டை வைக்க முடிகிறது. பல நேரங்களில் எலும்பு ஒட்டுச் சிகிச்சையும் தவிர்கிறது.

ஒரே நாளில் பற்கள் என்ற விளம்பரம் இந்த முறையைச் சார்ந்தே எழுந்தது. அது பொய்யல்ல, ஆனால் பாதிச் செய்தி. பதிக்கும்போது ஸ்க்ரூ எலும்பில் இறுகும் முறுக்குவிசை போதிய அளவுக்கு, வழக்கமாக 35 நியூட்டன் சென்டிமீட்டர் என்ற வரம்பை ஒட்டி, கிடைத்தால்தான் அன்றே பற்களை மாட்ட முடியும். கிடைக்குமா என்பது அறுவை மேசையில்தான் உறுதியாகத் தெரியும். அன்று மாட்டப்படுவது தற்காலிக அக்ரிலிக் பிரிட்ஜ். எலும்பு டைட்டானியத்தோடு பிணைய மூன்று முதல் ஆறு மாதங்கள் ஆகும். அதுவரை மென்மையான உணவுதான். நிரந்தரப் பற்கள் அதற்குப் பிறகே. நான்கா ஆறா என்ற விவாதத்தில், எலும்பும் வசதியும் இடம் கொடுத்தால் மேல் தாடைக்கு நான்குக்கு மேல் வைப்பதையே நான் விரும்புவேன். நான்கில் ஒன்று போனால் முழு பிரிட்ஜும் ஆட்டம் காணும். ஆறில் ஒன்று போனால் சமாளிக்க வழி இருக்கும். கீழ்த் தாடையின் அடர்ந்த எலும்பில் நான்கு நன்றாகவே தாங்குகிறது.

பலர் கவனிக்காமல் விடும் இரண்டு செய்திகள் உதடும் இடமும். அக்ரிலிக் பற்கள் கொண்ட நிலையான பிரிட்ஜுக்கு ஒரு தாடையில் ஏறத்தாழ 15 மில்லிமீட்டர் உயரம் வேண்டும். அந்த இடம் இல்லாத வாயில், இருக்கும் எலும்பையே சீவிக் குறைத்து இடம் உண்டாக்குகிறார்கள். எலும்பு குறையாத நிலையில் உள்ள ஒருவர் இதற்குச் சம்மதிப்பதற்கு முன் இரண்டு முறை யோசிக்க வேண்டும், ஏனெனில் சீவிய எலும்பு திரும்ப வளராது. உதட்டைப் பொறுத்தவரை, மேல் தாடை எலும்பு உள்வாங்கியவர்களுக்குப் பல்செட்டின் முன்விளிம்புதான் உதட்டைத் தாங்கி வந்திருக்கும். நிலையான பிரிட்ஜில் அந்த விளிம்பை வைத்தால் அடியில் சுத்தம் செய்ய முடியாது. இதைச் சோதிக்க எளிய வழி உண்டு. மெழுகில் அடுக்கிய பற்களை முதலில் விளிம்போடும் பிறகு விளிம்பை வெட்டிவிட்டும் வாயில் வைத்து, முகத்தைப் பக்கவாட்டில் நிழற்படம் எடுத்துப் பார்க்க வேண்டும். மேலுதடு இரண்டாவது படத்தில் குழிந்து, மூக்கின் அடியில் சுருக்கம் விழுந்தால், அவருக்கு மேல் தாடையில் ஓவர்டென்ச்சரே அழகு. சிரிக்கும்போது மேல் ஈறு தெரிகிறவர்களுக்கு மற்றொரு எச்சரிக்கை: பிரிட்ஜின் இளஞ்சிவப்பு அக்ரிலிக்கும் உண்மையான ஈறும் சந்திக்கும் கோடு உதட்டுக்குக் கீழே வெளிப்படக்கூடும்.

முடிவைத் தீர்மானிக்க வேண்டியது சுத்தம் செய்யும் கை என்பது என் உறுதியான எண்ணம். இம்பிளான்ட்டுக்குச் சொத்தை வராது. ஆனால் அதைச் சுற்றிய ஈற்றில் அழுக்குப் படிந்து வீக்கம் உண்டாகி, எலும்பு கரையும் நோய் வரும். வலி பெரும்பாலும் இல்லாததால் தாமதமாகவே தெரியும். நிலையான பிரிட்ஜின் அடியில் ஒவ்வொரு இம்பிளான்ட்டையும் சுற்றிச் சிறு பிரஷ்ஷையும் தடித்த நூலையும் நுழைத்து, நீர்ப் பீய்ச்சியால் அலசி, தினமும் பத்து நிமிடமாவது செலவிட வேண்டும். ஐம்பது வயதில் இது சுலபம். எண்பது வயதில், விரல்கள் நடுங்கும்போது, பார்வை மங்கும்போது, பக்கவாதத்துக்குப் பிறகு, மறதிநோயில் இன்னொருவர் கவனிப்பில் இருக்கும்போது, பத்து நிமிடம் இருபதாகும், பிறகு கைவிடப்படும். கழற்றக்கூடிய செட்டைப் பராமரிப்பவர் வெளியே எடுத்துக் கழுவிவிட்டு, வாயிலுள்ள குமிழ்களை மென்மையான பிரஷ்ஷால் துடைத்தால் போதும். நிலையான பிரிட்ஜைத் தேர்கிறவர், பின்னாளில் அதே இம்பிளான்ட்டுகளின் மேல் ஓவர்டென்ச்சராக மாற்ற இயலுமா என்று தொடக்கத்திலேயே கேட்டுவைப்பது நல்லது; இம்பிளான்ட்டுகளின் இடமும் கோணமும் அதற்கேற்பத் திட்டமிடப்பட்டிருந்தால் பல நேரங்களில் இயலும்.

பொருளைப் பற்றிச் சுருக்கமாக. உலோகச் சட்டத்தின் மேல் அமைத்த அக்ரிலிக் பற்கள் தேயும், சில நேரம் கழன்று விழும், ஆனால் பழுதுபார்ப்பது சுலபம். சிர்கோனியா என்ற கடினமான பீங்கான் எளிதில் தேயாது, கறை படியாது, பார்க்க நன்றாக இருக்கும். உடைந்தால் பெரும்பாலும் முழுவதையும் புதிதாகச் செய்ய வேண்டும். இரவில் பல்லைக் கடிக்கும் பழக்கம் உள்ளவர்கள் இரண்டிலும் பாதுகாப்பு உறை அணிய வேண்டியிருக்கும்.

மேல் தாடையில் எலும்பே போதாதவர்களுக்குச் சைனஸின் தரையை உயர்த்தி எலும்பு நிரப்பும் சிகிச்சையும், கன்ன எலும்பில் ஊன்றும் நீளமான சைகோமா இம்பிளான்ட்டுகளும் இருக்கின்றன. பின்னது சாதாரணப் பல் மருத்துவமனையில் செய்யும் வேலை அல்ல. நல்ல பல்செட் ஒன்றைப் பொறுமையாகச் செய்து பார்த்துத் தோற்ற பிறகு மட்டுமே அதை எண்ண வேண்டும்.

உடல்நிலையில் வயது தடையாவதில்லை. கட்டுப்பாட்டில் இல்லாத சர்க்கரையும் புகைப்பழக்கமும் உண்மையான தடைகள். தலை, கழுத்துப் பகுதியில் கதிர்வீச்சுச் சிகிச்சை பெற்றவர்களும், எலும்புத் தேய்மானத்துக்கோ எலும்புக்குப் பரவிய புற்றுநோய்க்கோ பிஸ்பாஸ்போனேட், டெனோசுமாப் போன்ற மருந்துகளை எடுப்பவர்களும் அதை முதல் சந்திப்பிலேயே சொல்ல வேண்டும். இம்மருந்துகளை எடுப்பவர்களுக்குத் தாடை எலும்பு ஆறாமல் அழுகும் அபாயம் உண்டு. புற்றுநோய்க்காக ஊசி வழியாகப் பெறுகிறவர்களுக்கு அது மிகக் கூடுதல்.

நானாக இருந்தால் இந்த வரிசையில் போவேன். முதலில் இரண்டு தாடைக்கும் நல்ல முழுப் பல்செட். பின்னால் இம்பிளான்ட் வைத்தாலும் பற்கள் எங்கே வர வேண்டும் என்பதைக் காட்டும் வழிகாட்டி அதுவே என்பதால் அந்தச் செலவு வீணாகாது. சில மாதங்கள் கழித்தும் கீழ்ச் செட் தொல்லை தந்தால், சி.டி. ஸ்கேன் எடுத்து, கீழே மட்டும் இரண்டு இம்பிளான்ட்டுகள்; பின்னாளில் மேலும் இரண்டைச் சேர்க்க இடம் விட்டு அவற்றை வைக்கச் சொல்வேன். மேலே பல்செட் உறிஞ்சி நிற்கும் வரை அதைத் தொட மாட்டேன். நடுத்தர வயதில் பற்களை இழந்து, விரல்கள் திடமாக இருந்து, ஆறு மாதத்துக்கொருமுறை பரிசோதனைக்குப் போகும் ஒழுங்கும் இருக்கிறவர், கழற்றுவது என்பதையே ஏற்க முடியாவிட்டால், அவருக்கு நிலையான பிரிட்ஜ் நியாயமான தெரிவு. அப்போதும் கீழ்த் தாடையில் தொடங்கச் சொல்வேன்.

மதிப்பீட்டை ஒப்பிடும்போது மொத்தத் தொகையை விட அதில் எது சேர்ந்திருக்கிறது என்பதே முக்கியம்: தற்காலிகப் பற்கள், நிரந்தரப் பற்கள், குமிழ்களும் வளையங்களும், தோல்வியுற்ற இம்பிளான்ட்டை மாற்றும் பொறுப்பு, ஆண்டுதோறும் பிரிட்ஜைக் கழற்றிச் சுத்தம் செய்யும் கட்டணம். பதித்த இம்பிளான்ட்டின் உற்பத்தியாளர், வகை, விட்டம், நீளம், தொகுதி எண் ஆகியவை அச்சிட்ட ஒட்டுச்சீட்டு ஒவ்வொரு பெட்டியிலும் இருக்கும். அதன் பிரதியைக் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்த வேண்டும். பதினைந்து ஆண்டுகள் கழித்து, வேறோர் ஊரில், வேறொரு மருத்துவரிடம் ஒரு ஸ்க்ரூ தளர்ந்து போய் நின்றால், எந்தத் திருப்புளி அதற்குப் பொருந்தும் என்பதை அந்தச் சீட்டைப் பார்த்துத்தான் அவர் சொல்ல முடியும்.